108 அழுத்தினால் ஸ்டோர் ரூம் எடுக்கிறது!

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் டெலிபோன் பெட்டியின் மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. அலுவலகச் சுவரில், காலண்டருக்குக் கீழே, தூசி படிந்த ஒரு வெள்ளைப் பெட்டி. மூடியை எடுத்ததும் உள்ளே என்ன அழகு! நீலமும் வெள்ளையும், ஆரஞ்சும் வெள்ளையுமாக முறுக்கிய ஒயர் ஜோடிகள் க்ரோன் கட்டைகளில் வரிசையாகச் செருகியிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஆலைக்குள் ஓர் இடத்துக்கு ஓடுகிறது. கேட்டுக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று, பாய்லருக்கு ஒன்று, நெல் குடோனுக்கு ஒன்று. ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “ஸ்டோருக்கு என்ன நம்பர் தெரியுமா சார்? நூத்தி எட்டு!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே எடைமேடை போனை எடுத்து 108 அழுத்தினோம். முற்றத்துக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த ஸ்டோர் ரூமுக்குள் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. பெட்டியை மாட்ட வந்தவர் 101-இல் ஆரம்பித்து வரிசையாக எண் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி அறை 101. வெளியே அது தீயணைப்பு நிலையத்தின் எண்! ஸ்டோர் 108, வெளியே ஆம்புலன்ஸ் எண். பாய்லர் அறைக்கு 112, நாடு முழுவதற்குமான அவசர எண். மூன்று இலக்கத்தில் வரிசை போட்டால் இந்த எண்கள் எல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளத்தான் செய்யும். வெளி லைன் வேண்டுமென்றால் முதலில் ஜீரோ போட வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது கைப்பழக்கம். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த மூட்டைத் தொழிலாளிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இதே சின்ன விஷயம் அமெரிக்காவில் ஓர் உயிர் போன சம்பவத்தோடு சேர்ந்துகொண்டது. டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் ஊரில், 2013 டிசம்பர் 1 அன்று, விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறையில் இருந்த போனில் அந்த நாட்டின் அவசர எண்ணான 911-ஐ நான்கு முறை அழுத்தினாள். வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அழைப்பு போகவே இல்லை. கேரி இறந்துபோனார். அவருடைய அப்பா ஹாங்க் ஹன்ட் விடாமல் போராடினார். 2018 பிப்ரவரி 16 அன்று மகளின் பெயரிலேயே கேரி சட்டம் கையெழுத்தானது. விடுதி, அலுவலகம், ஆலை எதுவானாலும் புதிதாக வைக்கும் போன் பெட்டியில் 911-ஐ நேராக அழுத்தினால் நேராகப் போக வேண்டும். அதே நொடியில் அந்தக் கட்டடத்தின் வரவேற்பு மேசைக்கோ காவலாளிக்கோ தகவல் போக வேண்டும். 1968-இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் ஊரிலிருந்து முதல் 911 அழைப்பு போனதும் ஒரு பிப்ரவரி 16-தான். சரியாக ஐம்பது வருஷம் கழித்து இந்தக் கையெழுத்து!

ஆலைக்குத் திரும்பலாம். ஜீரோ போட்டு அழைப்பு வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே தெரிவது எந்த எண்? பாய்லர் அறையிலிருந்து என் செல்போனுக்கு அடிக்கச் சொன்னேன். திரையில் வந்தது ஆலையின் பொது எண். குடோனிலிருந்து அடித்தாலும் அதே எண், கேட்டிலிருந்து அடித்தாலும் அதே எண். பெரிய நிறுவனங்கள் வாங்கும் பி.ஆர்.ஐ. லைனில் ஒரே சமயத்தில் முப்பது பேர் வெளியே பேசலாம். அந்த முப்பது பேரும் ஒரே எண்ணாக வெளியே தெரியும்படி வைத்திருப்பதும் உண்டு. வியாபாரத்துக்கு அது நல்லது, வாடிக்கையாளருக்கு ஓர் எண் போதும். ஆபத்தில் மாட்டியவருக்கு அதுவே முகமூடி.

வந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். இங்கேதான் என் நெஞ்சு படபடத்தது. பதிவு செய்த குரல் வணக்கம் சொன்னது, எக்ஸ்டென்ஷன் எண் தெரிந்தால் அழுத்தச் சொன்னது, பிறகு அலுவலக மேசையில் மணி அடித்தது. பகல் என்பதால் அக்கவுண்டன்ட் அம்மா எடுத்தார். ராத்திரி ஷிஃப்டில் அந்த அறை பூட்டியிருக்கும்.

திருப்பி அடிப்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், நம் 108-இன் உயிர்நாடியே அதுதான். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை அது. நீங்கள் எங்கிருந்து கூப்பிட்டாலும் அழைப்பு சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்குப் போகிறது. எடுப்பவர் மாவட்டம், வட்டம், ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டுக் கேட்டு, அருகில் நிற்கும் வண்டியை அனுப்புகிறார். அதன்பிறகு வண்டியிலிருந்து பைலட் எனப்படும் ஓட்டுநரோ மருத்துவ உதவியாளரோ, கூப்பிட்டவரின் எண்ணுக்கே அடித்து வழி கேட்பார். “அண்ணா, மாரியம்மன் கோயில் தாண்டிட்டோம், எந்தப் பக்கம் திரும்பணும்?” தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் கூப்பிட்ட குடும்பத்துக்கெல்லாம் பழகிய கேள்வி அது. அந்தக் கேள்வி பூட்டிய அறையில் மணியாக அடித்துக்கொண்டிருந்தால் வண்டி எங்கே திரும்பும்?

ஊர்ப்பெயரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் களமருதூர்க்காரர் ஒருவர் பதற்றத்தில் ‘மருதூர்’ என்று மட்டும் சொல்லிவிட்டால்? பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் பக்கம் ஒரு மருதூர் இருக்கிறது, வள்ளலார் பிறந்த ஊர். தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ மருதூர்கள். சென்னையில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் இத்தனையும் வரிசை கட்டி நிற்கும். மாவட்டமாவது சரியாக இருக்குமா? 2019 நவம்பர் 26 அன்றுதான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் நாங்கள் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அதற்கு முன்பே வாங்கிய லைனின் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள், விழுப்புரம் என்றே இருக்கும். தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கும் நிறுவனமென்றால், எண் பதிவான முகவரியே அந்த வேறு ஊராகவும் இருக்கலாம்.

செல்போன் இருக்கும்போது இன்டர்காம் எதற்கு என்று கேட்பார்கள். தகர ஷீட் போட்ட குடோனுக்குள், கூரையைத் தொடும் மூட்டை அடுக்குகளுக்கு நடுவே போய் நின்று பாருங்கள், சிக்னல் கோடு ஒவ்வொன்றாக விழும். மலைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், வளைவுக்கு வளைவு போன் வேறு டவரைப் பிடிக்கும், சில வளைவுகளில் ஒன்றையும் பிடிக்காது. கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம், கருமந்துறைப் பக்கம். மலை மேல் நிற்பவரின் போன் அந்தப் பக்கத்து டவரோடு பேசினால், டவரை மட்டும் பார்ப்பவருக்கு அவர் சேலத்து ஆள். கிராமப்புறத்தில் ஒரு டவரின் எல்லையே சில கிலோமீட்டர் விரியும்.

போனே தன் இடத்தைச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வித்தை இருக்கிறது! 2014-இல் பிரிட்டனில் முதலில் செய்து பார்த்தார்கள். அவசர எண்ணை அழுத்திய உடனே போன் தானாக ஜி.பி.எஸ்.ஸை எழுப்பி, இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, பேசுகிறவருக்குத் தெரியாமலேயே ஒரு குறுஞ்செய்தியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும். 2016-இல் கூகுள் இதே மாதிரி வசதியை ஆண்ட்ராய்டுக்குள் வைத்தது. இந்தியாவிலும் செல்போன்களில் அவசரப் பொத்தானும் ஜி.பி.எஸ்.ஸும் இருக்க வேண்டும் என்று 2016-இல் விதி போட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 112 வந்தது 2019-இல்.

ஆனால் சுவரில் மாட்டிய போனுக்கு ஜி.பி.எஸ். கிடையாது. அதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழியைக் கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கட்டடத்தின் ஒவ்வொரு மாடிக்கும், ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஓர் எண்ணை ஒதுக்கிவைக்கிறார்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் அவசர எண்ணை அழுத்தினால், பெட்டி பொது எண்ணை மறைத்துவிட்டு மூன்றாம் மாடியின் எண்ணை வெளியே காட்டும். அந்த எண் எந்தத் தெரு, எந்த மாடி, எந்த மூலை என்பது கட்டுப்பாட்டு அறையின் பட்டியலில் ஏற்கெனவே ஏறியிருக்கும். அழகு இதற்கு அப்புறம்தான். யார் அழுத்தினார் என்பதைப் பெட்டி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். கட்டுப்பாட்டு அறை அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தால், வரவேற்பு மேசைக்குப் போகாமல் அழுத்தியவர் கையில் இருக்கும் போனிலேயே மணி அடிக்கும்!

இப்போது வரும் ஐ.பி. போன்களை ஒரு மேசையிலிருந்து கழற்றி இன்னொரு மாடியில் செருகினாலும் அதே எக்ஸ்டென்ஷன்தான். அதனால் எந்த நெட்வொர்க் ஸ்விட்சின் எந்த ஓட்டையில் போன் செருகியிருக்கிறது என்று பெட்டி பார்த்துக்கொள்கிறது. அந்த ஓட்டையிலிருந்து கிளம்பும் ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்பது முன்பே எழுதி வைத்த பட்டியலில் இருக்கும். அமெரிக்காவில் ரே பாம் சட்டம் அழைப்பு வரும் இடத்தைத் துல்லியமாகச் சொல்வதையும் கட்டாயமாக்கிவிட்டது. அசையாத போன்களுக்கு 2021 ஜனவரி 6 முதல், இடம் மாறும் போன்களுக்கு 2022 ஜனவரி 6 முதல், வெறும் தெரு முகவரி போதாது. மாடி, அறை எண் வரை போக வேண்டும்.

நம் ஆலைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. அண்ணன் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆபரேட்டர் போனை எடுத்தார், ரகசிய எண்ணைப் போட்டார், ப்ரோக்ராமிங்கில் இறங்கிவிட்டார். 101, 108, 112 மூன்றையும் உள் வரிசையிலிருந்து தூக்கினார். ஸ்டோருக்கும் பாய்லருக்கும் முதலாளி அறைக்கும் இருநூறு வரிசையில் புது எண். இனி ஜீரோ போட்டாலும் போடாவிட்டாலும் அந்த மூன்று எண்களும் நேராக வெளி லைனைப் பிடிக்கும். இரவில் பொது எண்ணுக்கு வரும் அழைப்பு, பதிவுக் குரலுக்குப் போகாமல் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி போனுக்குப் போகும்படி மாற்றினார். அந்த ஒரு மாற்றத்துக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் கேட்டைத் திறக்க வேண்டியவர் அவர்தான், வழி சொல்லத் தெரிந்தவரும் அவர்தான். கடைசியாகப் பெட்டியின் பேட்டரியைக் கையால் தொட்டுப் பார்த்தார். கரண்ட் போனால் பெட்டியும் படுத்துவிடும், அதனால் பேட்டரியை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார்.

ஒவ்வொரு போனுக்கும் மேலே ஒரு தாள் ஒட்டினார்கள். ஊர், வட்டம், மாவட்டம், மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ‘நான் பாய்லர் அறையில் இருக்கிறேன்’ என்ற ஒரு வரி. தமிழில் ஒன்று, அதற்குக் கீழே இந்தியில் ஒன்று. பீகாரிலிருந்து வந்து மூட்டை தூக்கும் ஒரு தம்பி அந்த இந்தி வரிகளை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். ‘கள்ளக்குறிச்சி’ மட்டும் நாக்கில் சிக்கியது. எடைமேடைக்காரர் நாலு தடவை சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் அலுவலகத்தில் இதைப் பார்க்க ஆசை வந்திருக்குமே! சோதனைக்காக 108-ஐக் கூப்பிட்டுவிடாதீர்கள், அந்த லைனுக்கு அங்கே யாராவது காத்திருப்பார்கள். உங்கள் பெட்டியின் எண் பட்டியலை வாங்கி, அதில் 100, 101, 108, 112 யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். கடைசி மூலையில் இருக்கும் போனிலிருந்து உங்கள் செல்லுக்கு அடியுங்கள். வந்த எண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திருப்பி அடித்து, யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.