ராத்திரி மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட்

பகல்ல லேப்ல ஓட்டினா எல்லா டெஸ்ட்டும் பாஸ். ராத்திரி ஹாஸ்டல்ல ஓட்டினா ஒண்ணு மட்டும் ஃபெயில். கொஞ்ச நேரம் கழிச்சு ஓட்டினா அதுவும் பாஸ். "விடு மச்சி, லேப்டாப் மக்கர் பண்ணுது" என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீங்க. நாங்க விடப் பார்த்தோம்.

எங்க ஊர் இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்கு வர்ற கூட்டம் உங்களுக்கே தெரியும். சாத்தூரிலிருந்து கோயிலுக்கு அடுத்த பஸ் எது, எப்போது போய்ச் சேரும் என்று சொல்லும் ஒரு மினி ப்ராஜெக்டை கோ மொழியில் எழுதினோம். பயண நேரம் 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். அதில்தான் இந்த ஃபெயில்.

சாதாரணமாக 'கோ டெஸ்ட்' கடைசி முடிவைத்தான் சொல்லும். நடந்ததை வரிசையாகப் பார்க்க, 2018இல் வந்த கோ 1.10 முதல் ஒரு வசதி இருக்கிறது. (கட்டளைகளைத் தமிழில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிங்க.)

கோ டெஸ்ட் -ஜேசன் -கவுண்ட்=1 ./... >> பதிவு.ஜேசன்

இப்போது ஒவ்வொரு நிகழ்வும் ஒரு ஜேசன் வரியாக வரும். 'டைம்' என்பது நடந்த நேரம். 'ஆக்‌ஷன்' என்பது என்ன நடந்தது: ரன், அவுட்புட், பாஸ், ஃபெயில், ஸ்கிப். 'டெஸ்ட்' என்பது அதன் பெயர். 'எலாப்ஸ்டு' என்பது எத்தனை விநாடி ஆனது. ஒரு டெஸ்ட்டுக்கு 'ரன்' இருந்து, பாஸ், ஃபெயில், ஸ்கிப் எதுவுமே இல்லையென்றால், அது நடுவிலேயே நின்றுபோயிருக்கலாம்.

'-கவுண்ட்=1' எதுக்கு? கோட் மாறவில்லை என்றால் கோ பழைய பாஸ் முடிவையே எடுத்து நீட்டும். நாம நேரத்தைத் துரத்துறோம். பகலில் வந்த பாஸ் ராத்திரியும் வந்தால் ஏமாந்துபோவோம். இந்த ஃப்ளாக் போட்டால் ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே ஓடும். '>>' போட்டதால் பழைய பதிவும் அழியாது.

கோப்பு சீக்கிரம் பெருத்துவிடும். ஜேகியூ என்ற சின்னக் கருவியால் வடிகட்டுங்க:

ஜேகியூ -சி 'செலக்ட்(.ஆக்‌ஷன்=="ஃபெயில்") | [.டைம், .டெஸ்ட்]' பதிவு.ஜேசன்

"ஃபெயில்" இருக்கும் இடத்தில் "பாஸ்" போட்டு இன்னொரு தடவை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். எங்களுக்குக் கிடைத்தது இது:

23:28 பாஸ்
23:41 ஃபெயில்
23:52 ஃபெயில்
00:06 பாஸ்

பார்த்ததும் புரிந்தது. 23:41க்குக் கிளம்பும் பஸ் 00:06க்குச் சேரும். எங்க கோட், சேரும் நேரம் கிளம்பும் நேரத்தைவிடச் சின்னதாக இருந்தால் "தப்பான டேட்டா" என்று அந்தப் பஸ்ஸையே தூக்கிவிட்டது. டெஸ்ட்டோ கம்ப்யூட்டரின் அப்போதைய நேரத்தை எடுத்து ஓடியது. அதனால் 23:35 முதல் 23:59 வரை மட்டும் ஃபெயில்.

லேப்டாப் மேல் பழி போட்டிருந்தால்? கோயிலுக்குப் போக பஸ் நின்றுகொண்டிருக்கும்போதே, ஸ்டாண்டில் கைப்பிள்ளையோடு இருப்பவருக்கு நம்ம ஆப் "பஸ் இல்லை" என்று காட்டியிருக்கும்.

இதே கோட் யூடிசி நேரத்தில் ஓடும் சர்வரில் இருந்தால், அதே தப்பு நம்ம நேரப்படி காலை 5:05 முதல் 5:30க்குள் வரும். அப்போது யார் விழித்திருந்து பார்ப்பார்கள்? பதிவுதான் பார்க்கும்.

சரிசெய்ய இரண்டே வேலை. தேதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டோம். நேரத்தை ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து கொடுத்து, 23:41ஐ நிரந்தர டெஸ்ட்டாக வைத்தோம். இப்போது அந்த டெஸ்ட் பட்டப்பகலிலும் நள்ளிரவைச் சோதிக்கிறது.

அடுத்த தடவை ஒரு டெஸ்ட் "சில சமயம்" ஃபெயில் ஆனால், முதலில் கோடைத் திறக்காதீங்க. "எந்தச் சமயம்?" என்று பதிவைக் கேளுங்க.