பொறிவண்டும் கடல் ரிப்பன் புழுவும்

கடலோரத்திலிருந்து இடம்பெயர்ந்து அலுவிகாரைப் பக்கம் பயிர் செய்யும் குடும்பத்துக்குக் கரையும் தெரியும், தோட்டமும் தெரியும். இரண்டிலிருந்தும் ஒவ்வோர் உயிரை எடுத்துப் பார்ப்போம்.

கடற்கரைச் சேற்றிலும் கல்லுக்கடியிலும் வாழ்வது ரிப்பன் புழு. நம் குடலில் வளரும் நாடாப்புழு வேறு, இது வேறு. இதற்குக் காலில்லை, ஓடில்லை. ஆயினும் இது வேட்டையாடும். உடலுக்குள் மறைந்திருக்கும் நீண்ட தும்பிக்கையைச் சட்டென வெளியே வீசி இரையைப் பிடிக்கும். 1864இல் ஸ்கொட்லாந்துக் கரையில் ஒதுங்கிய ஒரு புழு 50 மீற்றருக்கும் மேல் நீளமென்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

பொறிவண்டுக்கு ஆறு கால்கள்; முதுகில் கடினமான மேற்சிறகு. இது பயிற்றங்கொடியில் அப்பும் அழுக்கணவனைத் தாடையால் கடித்துத் தின்னும். ஆபத்து வந்தால் கால் மூட்டுகளில் கசப்பான மஞ்சள் நீரைக் கசியவிடும். ரிப்பன் புழுக்கள் பலவற்றுக்கு நச்சுச் சளி காவல்.

ஆனால் பொறிவண்டின் குடம்பி வண்டைப்போல் இராது. கறுத்து நீண்டு, செம்மஞ்சள் புள்ளிகளோடு சின்ன முதலைபோல் ஊரும். அதுவும் அழுக்கணவனைத்தான் தின்கிறது. அதைப் பீடையென்று எண்ணி நாசினி தெளித்தால் நமது காவற்காரரையே கொல்கிறோம். கத்தரி இலையைச் சுரண்டும் மங்கலான 28 புள்ளி வண்டோ உண்மையில் பீடைதான்.

ஆகவே உருவத்தை வைத்துத் தீர்ப்பிடாமல், எதைத் தின்கிறதென்று முதலில் பார்ப்போம். அறிந்தது மறந்துபோகாதிருக்கவே கி.மு. முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரைக் குகைகளில் பௌத்த பிக்குகள் தம் மறையை ஏட்டில் எழுதினார்கள். தோட்டத்தில் கண்டதை நாமும் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிவைப்போம். மீண்டும் இடம்பெயர நேர்ந்தாலும் அந்த அறிவு நம்மோடு வரும்.