அரிசிம்பருப்பில் என்ன குற்றம்?

ஆனைமலைப் பக்கம் அவசரத்துக்குக் கைகொடுப்பது அரிசிம்பருப்புதான். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் எல்லாம் ஒரே குக்கரில் வெந்துவிடும். மேலே கொஞ்சம் நெய். ஆனால் மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது, பழத்தைத் தனியாகத்தான் தின்ன வேண்டும், அப்போதுதான் உடம்பு இளைக்கும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹோவர்ட் ஹே 1920, 30களில் பரப்பிய கருத்து இது. ஹெர்பர்ட் ஷெல்டன் 1951இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார்.

அவர்கள் சொல்லும் காரணம்: புரதம் செரிக்க அமிலம் வேண்டும், மாவுச்சத்துக்கு அமிலம் ஆகாது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இரைப்பை அமிலத்தில் அடங்கிப்போகும். ஆனால் செரிமானத்தின் பெரும்பகுதி நடப்பது சிறுகுடலில். அங்கே கணையநீர் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றுக்குமான நொதிகளையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அதோடு, துவரம்பருப்பிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம், பாதியளவு மாவுச்சத்து. இயற்கையே கலந்து வைத்ததை யார் பிரிப்பது?

எடை விஷயத்தைச் சுவிட்சர்லாந்தில் சோதித்தே பார்த்தார்கள். உடல்பருமன் உள்ள 54 பேருக்கு ஆறு வாரம், நாளுக்கு 1,100 கலோரி உணவு. பிரித்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 6.2 கிலோ குறைந்தார்கள். கலந்து சாப்பிட்டவர்கள் 7.5 கிலோ. புள்ளியியல்படி இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசமில்லை. 2000இல் வெளியான ஆய்வு இது. பிரித்துச் சாப்பிட்டு இளைத்தேன் என்பவர் பொய் சொல்லவில்லை. இத்தனை விதி இருந்தால் நாலு மணி போண்டாவும் பிஸ்கட்டும் தானாக நின்றுவிடும். அதில் குறைவது கலோரி.

சேர்ப்பதால் நன்மையும் உண்டு. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் 'காலையில் பழம் மட்டும்' என்று தாங்களாகவே தொடங்க வேண்டாம்; முதலில் மருத்துவரிடம் கேட்பது நல்லது. மற்றவர்கள் எடை குறைக்க நினைத்தால், அரிசிம்பருப்பில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம், பக்கத்தில் ஒரு கை பொரியல் வைக்கலாம், நெய்யை ஸ்பூனால் அளந்து ஊற்றலாம்.