சீறிய சிறு கார்கள் – 9: ரம்பம் பட்ட எஞ்சின்

குரூப் பி பிரிவின் விதிகளும், 200 கார்களைக் கட்டிக் காட்டிய பிறகே போட்டிக்கு ஒப்புதல் தரும் ஹோமோலகேஷன் முறையும் சென்ற வாரமே சொல்லப்பட்டுவிட்டன. இவ்வாரம் வருவதாக இருந்தவை எம்ஜி மெட்ரோ 6ஆர்4 காரின் பந்தயங்கள். அவற்றுக்கு முன் ஒரு ரம்பம் குறுக்கிடுகிறது.

பெயரிலேயே இக்காரின் ஜாதகம் அடங்கியிருக்கிறது: ஆறு சிலிண்டர், ராலி, நான்கு சக்கர இயக்கம். 1980இல் விற்பனைக்கு வந்த மெட்ரோ, பிரிட்டனில் கடைகண்ணிக்குப் போய்வர வாங்கப்பட்ட சிறு கார். திருமணத்துக்கு முன் டயானா ஓட்டியதும் ஒரு மெட்ரோவைத்தான். அதன் முகச்சாயலை மட்டும் விட்டுவைத்து, பின்னிருக்கை இருந்த இடத்தில் எஞ்சினை அமர்த்தி, முன்னும் பின்னும் இறக்கைகள் பூட்டி, முற்றிலும் வேறொரு வண்டியாக்கும் வேலையை ஆஸ்டின் ரோவர் நிறுவனம் ஃபார்முலா 1 அணியான வில்லியம்ஸிடம் ஒப்படைத்தது.

போட்டியாளர்கள் பெரும்பாலும் டர்போவை, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறியை, நம்பியிருந்தனர். ஆக்ஸிலரேட்டரை மிதித்த பின் அவ்விசிறி வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆவதால், வளைவுக்கு வளைவு மிதித்து விட வேண்டிய ராலிப் பாதையில் அத்தாமதம் ஓட்டுநரின் கழுத்தை அறுக்கும் என்று கருதிய வில்லியம்ஸ் குழு, டர்போ இல்லாத வி6 எஞ்சினே போதும் என முடிவு செய்தது.

ஆனால் அப்படியோர் எஞ்சின் கைவசம் இல்லை. ஆகவே ரோவரின் எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சினை எடுத்து, இரண்டு சிலிண்டர்களுக்குரிய பகுதியை அறுத்து நீக்கி, எஞ்சியதை வெல்டிங் வைத்துச் சேர்த்து, சோதனைக் கார்களை அதைக் கொண்டே ஓட்டினார்கள். ஃபார்முலா 1 பட்டங்கள் வென்ற அணியின் செயல் என்று நம்பக் கடினமான, பட்டறைத்தனமான இந்தத் துணிச்சலே இக்காரின் கதையில் ஆகச் சிறந்த இடம். அறுபட்ட எஞ்சினுக்கும் பூர்வீகம் ரோவர் அன்று. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1961ஆம் ஆண்டு மாடல்களுக்கென வார்த்து, சில ஆண்டுகளிலேயே கைகழுவிய அதனை, மெர்குரி மரைன் என்னும் படகு எஞ்சின் நிறுவனத்தின் பட்டறையில் தற்செயலாகக் கண்ட ரோவர் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், அதன் உரிமையை வாங்க வைத்தார். 1967 முதல் அது ரோவர் கார்களில் ஓடியது.

போட்டிக்கான நிரந்தர எஞ்சினை டேவிட் வுட் புதிதாக வடிவமைத்தார். வி64வி என்ற அதன் பெயரில் 4 என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள வால்வுகளின் எண்ணிக்கை. கொள்ளளவு ஏறத்தாழ 3 லிட்டர். போட்டி வடிவில் திறன் 400 குதிரைத்திறனைத் தாண்டியது. குரூப் பி ஒழிந்த பின் அதன் உரிமை டாம் வாக்கின்ஷா ரேசிங் நிறுவனத்துக்குப் போக, அவ்வழியில் வளர்ந்த 3.5 லிட்டர் எஞ்சின் 1992இல் உற்பத்திக்கு வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே220 காரில் ஏறியது. டர்போவே வேண்டாம் என்று பிறந்த எஞ்சினின் வாரிசுக்கு அங்கே மாட்டப்பட்டவை இரண்டு டர்போக்கள். பன்னிரண்டு சிலிண்டர் வரும் என்று முன்பணம் கட்டியவர்களுக்கு ஆறுதான் கிடைத்தது என்பது தனி வழக்கு.

1985 நவம்பரில் ஆர்ஏசி ராலியில் டோனி பாண்ட் மூன்றாவதாக வந்ததும், மறு ஆண்டு கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் பல் பெல்ட் படுத்திய பாடும் அடுத்த வாரம்.