உறைதோள்

உறைதோள் என்பது தோள்மூட்டில் வலி தோன்றி, நாளடைவில் மூட்டு இறுகி, கையை எத்திசையிலும் முழுமையாக அசைக்க இயலாமல் போகும் நோயாகும். ஃப்ரோசன் ஷோல்டர் என்ற ஆங்கிலப் பெயராலும் இது பரவலாக அறியப்படுகிறது. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்கு உட்பட்டோருக்கு வருகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று மிகுதி. இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சட்டை அணிவது, தலை பின்னுவது, கொடியில் துணி உலர்த்துவது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பது போன்ற எளிய செயல்களையும் இரவுத் தூக்கத்தையும் மாதக்கணக்கில் கெடுத்துவிடும்.

பெயர் வரலாறு

1872ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் டுப்ளே இந்நிலையை விவரித்தார். உறைந்த தோள் என்ற பெயரை 1934இல் வழங்கியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மேன். 1945இல் நெவியாசர் என்பவர், குறைபாடு மூட்டைச் சூழ்ந்த உறையிலேயே உள்ளது என்று எடுத்துக்காட்டினார்.

மூட்டில் நடப்பது என்ன?

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் அமர்ந்துள்ளது. இம்மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. கை தொங்கும்போது இவ்வுறை மடிந்து தளர்வாக இருக்கும். கையை உயர்த்தும்போது விரிந்து கொடுக்கும். உறைதோளில் இவ்வுறை அழற்சியுற்று, தடித்து, சுருங்குகிறது. துவைத்துச் சுருங்கிய சட்டை அக்குளில் பிடிப்பதைப் போன்றது இது. தசையில் வலுவிருந்தும் கை உயர்வதில்லை.

காரணங்கள்

பலருக்கு வெளிப்படையான காரணம் தெரிவதில்லை. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பின் கையை நெடுநாள் அசைக்காமல் வைத்திருப்பது ஒரு காரணம். தைராய்டு குறைபாடு உள்ளோருக்கும் கூடுதலாக வருகிறது. நீரிழிவுடன் உள்ள தொடர்பு முதன்மையானது. பொதுமக்களில் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கும், நீரிழிவு உள்ளோரில் 10 முதல் 20 பேருக்கும் இது வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எனவே உறைதோள் வந்தவர் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. தோளுக்காகச் சென்ற இடத்தில் சர்க்கரை நோய் முதன்முதலாகத் தெரிய வருவதும் உண்டு.

மூன்று கட்டங்கள்

1. வலிக் கட்டம்: சில வாரங்கள் முதல் 9 மாதங்கள் வரை. இரவில் வலி மிகும். அசைவு படிப்படியாகக் குறையும்.
2. இறுகிய கட்டம்: 4 முதல் 12 மாதங்கள். வலி தணியும், இறுக்கம் நீடிக்கும்.
3. தளரும் கட்டம்: சில மாதங்கள் முதல் 2 ஆண்டுகள் வரை. அசைவு மெல்லத் திரும்பும்.

கண்டறிதல்

முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்புறம் திருப்பச் சொல்வார் மருத்துவர். உறைதோளில் இவ்வசைவு பெரிதும் குறைந்திருக்கும். தசைநார் கிழிந்தவரின் கையைப் பிறர் தூக்கினால் பெரும்பாலும் உயரும்; உறைதோளில் பிறர் தூக்கினாலும் உயராது. எக்ஸ்ரே படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மூட்டுத் தேய்மானம் போன்ற பிற நோய்கள் இல்லையென உறுதிசெய்யவே அது எடுக்கப்படுகிறது.

மருத்துவம்

வலிநிவாரணிகளை மருத்துவர் சொன்ன அளவிலேயே உட்கொள்ள வேண்டும். தொடக்கக் கட்டத்தில் மூட்டுக்குள் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். நீரிழிவு உள்ளோருக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெடுநாள் குணமாகாதவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து மூட்டை விடுவிப்பதும், நுண்துளை அறுவை சிகிச்சையும் செய்யப்படுகின்றன. இவ்விரண்டையும், ஊசியுடன் கூடிய பிசியோதெரபியையும் பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டதாக அதில் தெரியவில்லை.

பயிற்சிகள்

வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காமல் வைத்தால் இறுக்கம் கூடும். வலுவந்தமாக இழுத்தால் அழற்சி கூடும். ஆகவே வலி மிகுந்த கட்டத்தில் கையைப் பிறர் பிடித்து முறுக்குவதும், சுளுக்கு என்று எண்ணி அழுத்தி நீவுவதும் கூடாது. பயிற்சிக்கு முன் 10 நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம்.

• ஊசல்: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுதல்.
• சுவரேற்றம்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மேலேறி, இழுவை தெரியும் இடத்தில் நிறுத்துதல்.
• துண்டு இழுத்தல்: முதுகுக்குப் பின் துண்டைச் சாய்வாகப் பிடித்து, நல்ல கையால் மேல்நோக்கி மெல்ல இழுத்தல். வலி தணிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

பயிற்சிக்குப் பின் வலி நெடுநேரம் நீடித்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும்.

அன்றாட வாழ்வில்

சட்டையோ ரவிக்கையோ அணியும்போது வலிக்கும் கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். மல்லாந்து படுப்போர் மேற்கையின் கீழ்ச் சிறு தலையணை வைக்கலாம். நல்ல பக்கம் சாய்ந்து படுப்போர் தலையணையை அணைத்துக்கொள்ளலாம். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களைப் பரணிலிருந்து இடுப்பளவு உயரத்திற்கு மாற்றி வைப்பது உதவும்.

உடனே மருத்துவரை நாட வேண்டியவை

இடத்தோள் வலியுடன் நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலுடன் தோள் வீங்குதல், விழுந்தபின் கை தூக்க இயலாமை, கை மரத்துப்போதல் ஆகியவையும் உடனே கவனிக்கப்பட வேண்டும்.

நோயின் போக்கு

பெரும்பாலோர் 1 முதல் 3 ஆண்டுகளில் பயன்படத்தக்க அளவு அசைவைப் பெறுகின்றனர். சிலருக்குச் சிறிது இறுக்கம் எஞ்சும். சிலருக்குப் பின்னர் மறுதோளிலும் வரலாம். குணமான தோளில் மீண்டும் வருவது அரிது. முன்னேற்றம் நாள்தோறும் கண்ணுக்குப் புலப்படாது. சுவரேற்றத்தில் விரல் எட்டிய இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து மாதம் ஒருமுறை ஒப்பிட்டால், கை மெல்ல உயர்வதைத் தாமே காணலாம்.