ஜே.லீக் கோப்பை, 1992
தேசிய விளையாட்டரங்கம், டோக்கியோ

ஜப்பானின் முதல் தொழில்முறைக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் 1992 நவம்பர் 23 அன்று இங்கிருந்த பழைய அரங்கில் நடந்தது. நாட்டின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே.லீக் தொடங்க இன்னும் அரை ஆண்டு இருந்தது. புதிய தொழில்முறை ஆட்டத்தை நாட்டு மக்கள் முதன்முதலில் கண்டது இக்கோப்பையில்தான்.

பத்து அணிகள் மோதின. அதுவரை நிறுவனங்களின் பெயரில் ஆடிய அணிகள் ஊர்ப் பெயரைச் சூடிக் களமிறங்கின: மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது, மட்சுஷிதா அணி காம்பா ஒசாகா ஆனது. ஷிமிசு எஸ்-பல்ஸ் மட்டும் எந்த நிறுவன அணியிலிருந்தும் வந்ததல்ல. கால்பந்தை நேசிக்கும் ஊரில் புதிதாகப் பிறந்த அணி. அது இறுதி ஆட்டம்வரை வந்தது இத்தொடரின் பெருமைக்குரிய செய்தி.

ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளுடனும் ஒருமுறை ஆடியது. முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் சென்றன. காஷிமா அணிக்காக பிரேசிலின் ஜீக்கோவும் ஆடினார்.

இறுதி ஆட்டத்தில் வெர்டி கவாசாகி அணி ஷிமிசுவை 1-0 என வென்றது. ஒரே கோலை அடித்தவர் மியுரா கசுயோஷி. தொடரின் சிறந்த வீரரும் அவரே. ஏறக்குறைய 56,000 பேர் பார்த்தனர். 1993, 1994 ஆண்டுகளிலும் வெர்டியே கோப்பையை வென்றது.