உருளையின் வட்டத்தை அளத்தல்

காகித ஆலையில் ஈரத்தாளைப் பிழிவதும் உலர்ந்த தாளை அழுத்தி வழவழப்பாக்குவதும் இணைகளாகச் சுழலும் பெரிய உருளைகளே என்பதால், தாளின் தரம் பெரிதும் அவற்றின் வடிவத்தைப் பொறுத்தே அமைகிறது. வழவழப்பாக்கும் கேலண்டர் உருளைகள், தாளின் அகலத்தில் ஓரிடத்தை மட்டும் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தடிப்பாக விட்டுவிட்டால், 5,000 சுற்றுகள் கொண்ட தாள்சுருளில் அவ்விடம் கணக்குப்படி 5 மி.மீ. மேடாகிவிடும்.

உருளை நெடுகிலும் ஒரே விட்டம் இருந்தாலும் போதாது. இருமுனைத் தாங்கிகளில் அமர்ந்து அழுத்தம் பெறும்போது நடுப்பகுதி வளைவதால், அதை ஈடுசெய்யும் அளவுக்கு நடுவில் விட்டத்தைச் சற்றே கூட்டித் தேய்க்கிறார்கள். 'கிரௌன்' எனப்படும் இப்புடைப்பைச் சரிபார்க்கப் பல இடங்களில் விட்டம் அளக்க வேண்டும்.

அதற்கான எளிய கருவி பை டேப் என்னும் மெல்லிய எஃகு நாடா. உருளையைச் சுற்றிப் பிடிக்கப்படும் இது உண்மையில் சுற்றளவையே அளந்தாலும், விட்டத்தின் ஒரு மி.மீ. நாடாவில் சுமார் 3.14 மி.மீ. இடைவெளியாகப் பொறிக்கப்பட்டிருப்பதால் விட்டத்தை நேரடியாகக் காட்டுகிறது. நாடா சாய்ந்து சுற்றினாலோ அடியில் ஒரு துகள் சிக்கினாலோ அளவு கூடிவிடும். வெப்பமும் ஏமாற்றும்: ஒரு மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 12 மைக்ரான் பருப்பதால், எந்திரத்திலிருந்து கழற்றியதை ஆறவிட்டே அளக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் கவனித்தாலும் ஒரு குறை எஞ்சுகிறது. மழுங்கிய முக்கோணச் சாயலுள்ள சில வடிவங்களுக்கு எத்திசையில் அளந்தாலும் அகலம் ஒன்றே. எதிரெதிர் இரு புள்ளிகளைத் தொடும் மைக்ரோமீட்டருக்கு அவை குறையற்ற வட்டமாகவே தெரியும். அத்தகைய வடிவத்தின் சுற்றளவும் அதே அகலமுள்ள வட்டத்தின் சுற்றளவுக்குச் சமம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பார்பியே 1860இல் நிறுவியிருப்பதால், பை டேப்பாலும் கோணலைக் காட்டிக்கொடுக்க இயலாது. ஆகவே உருளையை மெல்லச் சுழற்றி, வெவ்வேறு கோணங்களில் பொருத்திய மூன்று அல்லது நான்கு உணரிகளின் அளவுகளைச் சேர்த்துக் கணினியால் உண்மை வடிவத்தைக் கணக்கிடுகிறார்கள். செலவு மிகுந்தாலும் இதற்கு மாற்று அரிது.

ரப்பர் உறை போர்த்திய உருளைகளில் வடிவத்தோடு மென்மையும் அளக்கப்படுகிறது. பி அண்டு ஜே கருவி, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு விட்டமுள்ள எஃகுக் குண்டை ஒரு கிலோ எடையால் ஒரு நிமிடம் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை மி.மீ.யின் நூறில் ஒரு பங்குகளில் காட்டுகிறது. எண் கூடினால் ரப்பர் மென்மையானது என்று பொருள். நாட்பட ரப்பர் இறுகும்போது அந்த எண் குறைந்துகொண்டே வருவதால், உறையை எப்போது தேய்ப்பது, எப்போது மாற்றுவது என்பதைப் பராமரிப்புப் பிரிவினர் பெரும்பாலும் அதைக் கொண்டே முடிவுசெய்கிறார்கள்.